மலை இரயில்

ஆகஸ்டு மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மாத்தேரான் மலை இரயிலில் செல்ல விரும்பித் தாராவியிலிருந்து நாங்கள் ஐவரும் புறப்பட்டோம். தாதரில் கர்ஜத் வண்டி ஏறி நேரலில் இறங்கினோம். “மழைக்காலத்தில் இங்கிருந்து மலை இரயில் புறப்படாது” என்றார் நிலைய அலுவலர். தம்பி அழுதான். தந்தையின் முகம் வாடியது.

“ஏன் நிறுத்துகிறார்கள்?” என்று மராத்தியில் வினவினேன்.

“இப்பாதை 1907ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. தண்டவாளங்களின் இடைவெளி 2 அடியே. மலைச்சரிவில் ஏறத்தாழ 21 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறுகிறது. பெருமழையில் மண் சரியும். 2005ஆம் ஆண்டு வெள்ளத்தில் சிதைந்த பாதையில் 2007இல்தான் வண்டி மீண்டும் ஓடியது” என்று விளக்கினார்.

வெறும் தண்டவாளத்தைப் பார்த்தவாறு கட்டுச்சோறு உண்டோம்.

“கேட்டறியாமல் அழைத்து வந்தது என் பிழை” என்றார் தந்தை. அவர் அவ்வாறு கூறியதை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன். ஆச்சி தம்பியின் கண்ணீரைத் துடைத்து, “மழை நின்றபின் வருவோம்” என்றார்.

சொற்பொருள்
வினவினேன் – கேட்டேன்
கட்டுச்சோறு – வழிப்பயண உணவு

பயிற்சி
1. மழைக்காலத்தில் மலை இரயில் ஏன் நிறுத்தப்படுகிறது?
2. தந்தை எதனைத் தம் பிழை என்றார்?
3. நீ ஏமாற்றமடைந்த பயணம் ஒன்றைப் பற்றி ஐந்து தொடர் எழுதுக.