நாய்க்கும் தவணை உண்டு



குழுக் கடனுக்குத் தவணை தேதி நெருங்கினால் நமக்குத் தூக்கம் வராது. ஆனால் வாசலில் காவல் இருக்கும் நாய்க்கு ஊசி போடும் தேதி எப்போது என்று கேட்டால், "குட்டியா இருக்கும்போதே போட்டாச்சே!" என்பதுதான் பல வீடுகளில் பதில். ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் போதுமா? போதாது. ஏன் என்று இந்த மாதப் பாடத்தில் பார்ப்போம்.

எதற்காக ஊசி?

வெறிநோய் ஒரு வைரஸ் கிருமியால் வருகிறது. நோய் கண்ட நாயின் எச்சிலில் அந்தக் கிருமி இருக்கும். கடித்தாலும், பிராண்டினாலும், புண் உள்ள இடத்தில் நக்கினாலும் உள்ளே போய், நரம்பு வழியாக மூளைக்கு ஏறும். மனிதருக்கு வரும் வெறிநோயில் 100-க்கு 99 வரை நாய் மூலமாகத்தான் வருகிறது. அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. ஆனால் வராமல் தடுக்க முழு வழி இருக்கிறது. 1885 ஜூலை 6 அன்று லூயி பாஸ்டர் என்ற விஞ்ஞானி, வெறிநாய் கடித்த 9 வயதுப் பையனுக்கு ஊசி போட்டுக் காப்பாற்றினார். இன்று அந்தப் பாதுகாப்பை நாய்க்கே முன்கூட்டிக் கொடுத்துவிடலாம்.

எப்போது போட வேண்டும்?

* 6 முதல் 8 வாரத்தில்: கூட்டுத் தடுப்பூசி. ரத்தக் கழிச்சலில் குட்டியைச் சாகடிக்கும் பார்வோ, டிஸ்டம்பர் போன்ற நோய்களுக்கு இது. 16 வாரம் ஆகும்வரை 3, 4 வாரத்துக்கு ஒரு தடவை திரும்பப் போட வேண்டும்.
* 3 மாதத்தில்: வெறிநோய்க்கு முதல் ஊசி.
* 4 மாதத்தில்: வெறிநோய்க்கு இரண்டாவது ஊசி.
* அதன் பிறகு: வருஷத்துக்கு ஒரு தடவை.

"ஏன் இத்தனை தடவை?" என்று கேட்கலாம். குட்டிக்குத் தாயின் சீம்பாலில் இருந்து எதிர்ப்பு சக்தி கிடைக்கிறது. அது உடம்பில் இருக்கும்வரை ஊசி மருந்தை வேலை செய்ய விடாது. அது எப்போது குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் விட்டு விட்டுப் போடுகிறோம். ஊசியால் வந்த சக்தியும் நாளாக ஆகக் குறையும். வருஷா வருஷம் போடுவது அதைப் புதுப்பிக்கத்தான்.

சில மருந்துகள் 3 வருஷம் தாங்கும் என்று சொல்வார்கள். ஆனால் தெருநாய்களோடு பழகும் நம்ம ஊர் நாய்களுக்கு வருஷம் ஒரு தடவை போடுவதே இங்கு வழக்கம். வளர்ந்த நாயை எடுத்து வளர்த்தால், முன்னால் போட்டது தெரியாது. இப்போது ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, பிறகு வருஷம் ஒன்று.

கவனிக்க வேண்டியவை

ஊசிக்கு முன்னால் டாக்டரிடம் கேட்டுக் குடற்புழு மருந்து கொடுங்கள். நாய்க்குக் காய்ச்சல், வாந்தி இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். கடையில் வாங்கிப் போவதாக இருந்தால் ஐஸ் வைத்த பிளாஸ்கில் எடுத்துப் போங்கள். ஊசி போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடாது, 3, 4 வாரம் ஆகும்.

கடித்துவிட்டால்?

"நம்ம நாய்தானே, ஊசி போட்ட நாய்தானே" என்று சும்மா இருந்துவிடாதீர்கள். உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையமோ அரசு ஆஸ்பத்திரியோ போங்கள். அங்கே ஊசி இலவசம். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பயம் இனி வேண்டாம், அந்தப் பழைய ஊசி நின்று பல வருஷம் ஆச்சு. இப்போது கையில்தான் போடுகிறார்கள். டாக்டர் சொன்ன தேதிகளில் ஒன்றைக்கூட விடாதீர்கள்.

முக்கியமாக, பிள்ளைகளைத் திட்டாதீர்கள். அம்மா அடிப்பாள் என்ற பயத்தில் பிள்ளை சின்னக் கீறலை மறைத்துவிட்டால், அது உயிருக்கே ஆபத்து. "நாய் பல்லுபட்டா உடனே வந்து சொல்லு கண்ணு" என்று இன்றைக்கே சொல்லி வையுங்கள்.

குழுவாகச் செய்வோம்

யார் யார் வீட்டில் நாய் இருக்கிறது, அடுத்த ஊசி எந்தத் தேதி என்று குழு நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். நாலைந்து வீடு சேர்ந்து ஒரே வண்டியில் கால்நடை மருந்தகம் போனால் செலவு குறையும். செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம், அக்டோபர் 2 கிராம சபை. ஊரில் தடுப்பூசி முகாம் வேண்டும் என்று அந்தச் சபையில் எழுந்து கேளுங்கள். ஊரில் உள்ள நாய்களில் 100-க்கு 70-க்காவது ஊசி போட்டால்தான் நோய் பரவுவது நிற்கும். நம் வீட்டு நாய்க்கு மட்டும் போட்டால் போதாது.

கூட்டத்தில் பேசுங்கள்:

1. நம் குழுவில் எத்தனை வீட்டில் நாய் இருக்கிறது? ஊசி அட்டை எத்தனை பேரிடம் இருக்கிறது?
2. தவணை தாண்டிய நாய் எது? யார், எந்த நாளில் கூட்டிப் போவது?
3. பிள்ளைகளிடம் யார் பேசுவது?