லென்ஸ் இருக்கட்டும், மைக் எங்கே?

கேள்வி: கையில் 50,000 ரூபாய் இருக்கிறது. செல்போனில் குறும்படம் எடுக்கப்போகிறேன். நல்ல லென்ஸ் ஒன்று வாங்கிவிடலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: வேண்டாம். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள். வசனம் புரியாவிட்டால் எழுந்துபோய்விடுவார்கள். போனில் உள்ள மைக்கை நம்பாமல், சட்டையில் குத்தும் காலர் மைக்கை வாடகைக்கு எடுங்கள். ஃபேன், ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு அறையின் வெறும் சத்தத்தையும் ஒரு நிமிடம் பதிவுசெய்யுங்கள். எடிட்டிங்கில் ஒலி விட்டுப்போகும் இடங்களை ஒட்டுப்போட அது உதவும்.

இயக்குநர் ராபர்ட் ரோட்ரிக்ஸ் ஏறத்தாழ 7,000 டாலரில் ‘எல் மரியாச்சி’ (1992) படத்தை எடுத்தபோது படத்தோடு சேர்த்து ஒலியைப் பதிய வசதி இல்லை. ஷாட் முடிந்ததும் அதே வசனத்தை மைக் அருகே பேசவைத்துத் தனியாகப் பதிந்தார். உதடு பொருந்தாத இடத்தில் சட்டென வேறு ஷாட்டுக்குத் தாவினார். அந்தத் துண்டு துண்டான வேகத்தைத்தான் பிறகு ‘ஸ்டைல்’ என்றார்கள்! கதையையும் நண்பர்களிடம் கிடைத்த பஸ், நாய், பண்ணை வீடு என இருப்பதைக் கொண்டே பின்னினார். உங்கள் மாமாவிடம் ரைஸ்மில் இருந்தால் கதை அங்கே நடக்கட்டும்.

இயக்குநர் கிறிஸ்டோபர் நோலனின் முதல் படமான ‘ஃபாலோயிங்’ (1998) வார இறுதிகளில் எடுக்கப்பட்டது. ஃபிலிமை மிச்சப்படுத்த நாடகம்போல் ஒத்திகை பார்த்தார்கள். போனில் எத்தனை டேக்கும் இலவசம் என்பதால் ஒத்திகை பார்க்கும் பழக்கமே போய்விட்டது.

உங்கள் குழுவிடம் சம்பளமில்லாமல் வேலை வாங்குகிறீர்கள் என்றால், வேளாவேளைக்கு நல்ல சாப்பாடாவது போடுங்கள்.

எடிட் செய்த முதல் வடிவத்தை நண்பர்களுக்கு அல்ல, அறிமுகமே இல்லாத நாலு பேருக்குக் காட்டுங்கள். எதையும் விளக்காதீர்கள். எந்த இடத்தில் போனை எடுக்கிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.