காலம் கடந்த சாட்சியம்

முன்னுரை

ஒரு குடும்பத்தின் கதையை இரு வேறு காலங்களில் நிறுத்திச் சொல்லும் வரலாற்றுப் புதினங்கள் இன்று மிகுதியாக வெளிவருகின்றன. போர்க்காலத்தில் ஒரு காதல் நிகழ்வதும், பிற்காலத்தில் அதனைச் சூழ்ந்த இரகசியம் வெளிப்படுவதும் இவற்றின் பொது அமைப்பாகும். இவ்வமைப்பு ஆவலைத் தூண்டும் உத்தி மட்டும்தானா, அன்றி அறம் உணர்த்தும் கருவியுமா? இவ்வினாவை, ஆங்கில எழுத்தாளர் இயன் மெக்கீவன் 2001இல் வெளியிட்ட ‘அட்டோன்மெண்ட்’ என்னும் புதினத்தைக் கொண்டு ஆராய முற்படுவோம். ‘செய்த பிழைக்கு ஈடுசெய்தல்’ என்பது அத்தலைப்பின் பொருள்.

பொய்ச்சான்று

1935ஆம் ஆண்டுக் கோடைக்காலம். இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் டாலிஸ் என்னும் செல்வக் குடும்பத்தின் மாளிகையில் கதை தொடங்குகிறது. அவ்வீட்டு மகள் சிசிலியாவும், பணிப்பெண்ணின் மகன் ராபியும் ஒருவரையொருவர் விரும்புகின்றனர். ராபி அக்குடும்பத் தலைவரின் பொருளுதவியால் கேம்பிரிட்ஜில் பயின்றவன். சிசிலியாவின் தங்கை பிரையனிக்கு வயது 13. கதை எழுதும் ஆர்வமுடையவள். காதலர் இருவரின் செயல்களை அரைகுறையாகக் கண்டு, ராபி தீயவன் எனத் தானே முடிவு செய்கிறாள்.

அன்றிரவு உறவுக்காரப் பெண் லோலா ஒருவனால் தாக்கப்படுகிறாள். இருளில் ஓடி மறைந்த உருவத்தைப் பிரையனி தெளிவாகக் காணவில்லை. எனினும் அவன் ராபியே எனச் சான்று கூறுகிறாள். வஞ்சகத்தால் அவள் அவ்வாறு கூறவில்லை. தான் கருதியதையே கண்டதாக நம்பிவிட்டாள். குற்றம் சாட்டப்பட்டவன் பணிப்பெண்ணின் மகன் ஆதலின் பெரியோரும் ஆராயாது ஏற்றுக்கொண்டனர். ராபி சிறை சென்றான்.

போரும் பிரிவும்

படையில் சேரும் நிபந்தனையின்பேரில் ராபி விடுதலை பெறுகிறான். சிசிலியா குடும்பத்தைத் துறந்து செவிலியாகிறாள். இருவரையும் கடிதங்களே இணைக்கின்றன. 1940 மே 26 முதல் ஜூன் 4 வரை டன்கர்க் கடற்கரையிலிருந்து 3,38,000க்கும் மேற்பட்ட நேசப்படை வீரர்கள் மீட்கப்பட்டனர். அக்கடற்கரையை நோக்கிக் காயத்துடன் நடக்கும் ராபியின் பயணத்தை ஆசிரியர் விரிவாகக் காட்டுகிறார். பின்னர், தானும் செவிலியான பிரையனி தமக்கையைத் தேடிச் சென்று, அங்கிருந்த ராபியிடமும் வருத்தம் தெரிவிப்பதாகக் கதை நகர்கிறது. வாசகர் நெஞ்சம் ஆறுதல் கொள்கிறது.

இரண்டாம் காலம்

அவ்வாறுதல் நிலைப்பதில்லை. இறுதிப் பகுதி 1999இல் நிகழ்கிறது. நினைவிழக்கும் நோய்க்கு ஆளான 77 வயது எழுத்தாளர் பிரையனி, இதுகாறும் நாம் படித்தது தான் எழுதிய புதினமே என்கிறார். அச்சந்திப்பு நிகழவே இல்லை. ராபி 1940 ஜூன் முதல் நாளன்றே கடற்கரையில் நோயுற்று இறந்தான். அதே ஆண்டில் இலண்டன் பால்ஹாம் சுரங்க இரயில் நிலையத்தில் விழுந்த குண்டுக்குச் சிசிலியா பலியானாள். உண்மைக் குற்றவாளியோ லோலாவையே மணந்து செல்வாக்குடன் வாழ்கிறான். வழக்குக்கு அஞ்சி, அத்தம்பதியர் உயிருடன் உள்ளவரை உண்மையை அச்சிட இயலாத நிலை.

ஆகவே, இப்புதினத்தின் இரு காலங்களுக்கு இடைப்பட்ட 64 ஆண்டுகள் வெறும் கதை உத்தியன்று. உண்மை தாமதித்த காலத்தின் அளவாகும்.

அறநோக்கு

சிலப்பதிகாரத்தில் பொற்கொல்லன் சொல்லை ஆராயாது ஏற்ற பாண்டியனும் பிழை செய்தான். கண்ணகி சிலம்பை உடைத்து மெய்ப்பித்தபோது கோவலன் உயிருடன் இல்லை. ஆனால் பாண்டியன் தன் பிழையை உணர்ந்த கணமே ஏற்று உயிர் நீத்தான். பிரையனியோ கதைக்குள் காதலரை வாழவைக்க முயல்கிறாள்.

பொய்ச்சாட்சியைப் பெரும்பாவங்களுள் ஒன்றாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணினார்கள். அதனைக் கூறுங்கால் சாய்ந்திருந்த நிலையிலிருந்து நிமிர்ந்தமர்ந்து, மீண்டும் மீண்டும் எச்சரித்தார்கள் என்பது நபிமொழி. தவ்பாவிற்கு வருந்துதல் மட்டும் போதாது. பிறர் உரிமை பறிபோயிருப்பின் அதனைத் திருப்பி அளித்தலும் வேண்டும் என்பது மார்க்க அறிஞர் கருத்து. உரிமைக்குரியோர் மறைந்தபின் பிரையனி யாரிடம் மன்னிப்புப் பெறுவாள்? அழகிய முடிவு எழுதலாம். இறந்தோர் அதனைப் படிக்க மாட்டார்கள்.

ஆசிரியர் வாழ்வில்

புதினம் வெளிவந்த மறு ஆண்டில், 2002இல், மெக்கீவன் தமக்கு ஓர் உடன்பிறந்த அண்ணன் இருப்பதை அறிந்தார். தாயின் முதற்கணவர் போருக்குச் சென்றிருந்த காலத்தில் பிறந்து, 1942இல் இரயில் நிலையம் ஒன்றில் பிறரிடம் ஒப்படைக்கப்பட்டவர் அவர். அக்கணவர் 1944இல் போர்க்காயத்தால் இறந்தார். பின்னர் அத்தாயும் குழந்தையின் தந்தையும் மணந்துகொண்டனர். மெக்கீவன் அவர்களுடைய மகன். இச்செய்தி 2007இல் உலகிற்குத் தெரியவந்தது. புனைவு காட்டிய மௌனம் ஆசிரியரின் இல்லத்திலேயே அறுபதாண்டுகள் உறைந்திருந்தது எனலாம்.

முடிவுரை

போர் காதலரைக் கொன்றது. ஆயினும் அவர்களைப் பிரித்தது போருக்கு முன்பே உரைக்கப்பட்ட ஒரு சொல். இதனை உணர்த்தவே இரு காலக் கட்டமைப்பு இப்புதினத்திற்குப் பயன்படுகிறது. மாணவர்கள் இத்தகைய படைப்புகளைப் பயிலும்போது, இரகசியம் யாது என்பதோடு நின்றுவிடாமல், அது மறைந்திருந்த காலத்தில் யார் எதனை இழந்தனர் என்றும் வினவுதல் வேண்டும். நாம் அறிந்த உண்மையை, அதற்கு உரியவர் கேட்கும் நிலையில் இருக்கும்போதே உரைத்தல் நம் கடமையாகும்.