மனை வாங்குமுன் பூங்காவைத் தேடுங்கள்

கல்லாவி, ஊத்தங்கரை பக்கம் மனை பார்க்கிறீர்களா? முன்பணம் கொடுக்குமுன் இவற்றைச் செய்யுங்கள்.

1. டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் எண்ணுடன் மனைப்பிரிவு வரைபட நகலை வாங்குங்கள். பஞ்சாயத்து ஒப்புதல் மட்டும் போதாது, பத்திரப்பதிவே தடைபடலாம்.

2. அதில் பூங்கா இடத்தைத் தேடுங்கள். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இன்படி, 10,000 சதுர மீட்டருக்கு (சுமார் இரண்டரை ஏக்கர்) மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 சதவீதம் திறந்தவெளியாக விடப்பட வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால், இடத்துக்குப் பதில் பணம் கட்டவும் வழியுண்டு. ஆகவே சின்ன லேஅவுட்டில் பூங்கா இல்லாமலே போகலாம். குழந்தைகள் இருக்கும் வீட்டார் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

3. தாய்ப்பத்திரச் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பூங்காவும் சாலையும் உள்ளாட்சிக்குத் தானப்பத்திரமாகப் பதிவாகியிருக்க வேண்டும். பதிவாகாத இடத்தைப் பின்னாளில் மனையாக்கி விற்கப் பார்ப்பார்கள்.

4. ரெரா (கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைக் குழுமம்) பதிவு எண்ணை அதன் இணையதளத்தில் சரிபாருங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திட்டத்தைப் பதிவு செய்யாமல் விளம்பரப்படுத்தவே கூடாது.

5. வரைபடத்தோடு நேரில் நடந்து பாருங்கள். தாளில் பூங்கா, தரையில் ஓடைப் பள்ளம் என்றால் வேறு மனை பாருங்கள்.

6. குடியேறியபின் பூங்காவில் யாராவது வேலி போட்டால், தானப்பத்திர நகலுடன் ஊராட்சிக்கும் ஆட்சியருக்கும் உடனே மனுக் கொடுங்கள். கட்டடம் எழும்பிவிட்டால் அகற்றுவது பெரும்பாடு.