'தாத்தா' என்னும் சொல்

திருக்கோணமலைத் துறைமுகத்தை அடுத்த ஓர்ஸ் ஹில்லில், அதாவது உவர்மலையில், ஒரு குழந்தை "தாத்தா!" எனக் கூவினால் திரும்பிப் பார்ப்பவர் யார்? தமிழ்க் குழந்தையாயின் பாட்டனார். சிங்களக் குழந்தையாயின் தந்தையார். முஸ்லிம் குழந்தையாயின் மூத்த சகோதரி. முஸ்லிம் இல்லங்களின் மொழியும் தமிழே என்பதை நோக்குக. ஒரு மொழிக்குள்ளேயே இச்சொல் பாலும் தலைமுறையும் மாறி நிற்கின்றது.

கடல் கடந்தும் செல்வோம். வடமொழியில் 'தாத' தந்தையைக் குறிக்கும்; அன்பு மிகுதியால் மகனையும் அவ்வாறே விளிப்பர். போலந்து நாட்டார்க்கும் தென்னாபிரிக்கக் கோசா மக்களுக்கும் இவ்வொலி தந்தையே. நெல்சன் மண்டேலாவை மக்கள் அவ்வாறழைத்தமை உலகறிந்தது. 1957 வரை இத்துறைமுகத்திற் கடற்படைத்தளம் வைத்திருந்த ஆங்கிலேயர்க்கோ, சற்றே திரிந்து, 'டாட்டா' என விடைபெறும் சொல்லாயிற்று. (நம் வீடுகளிற் கைக்குழந்தைக்கு முதலிற் பழக்கும் ஆங்கிலமும் அதுதான்!)

இவற்றைக் கண்டதும், "எல்லாம் தமிழிலிருந்து சென்றவை" என மாணவர் சிலர் கட்டுரை வரைந்துவிடுகின்றனர். பற்று நன்று, சான்று நன்றன்று. தகரம் நாநுனி பல்லினடியைப் பொருந்தவும், பகர மகரங்கள் ஈரிதழும் இயையவும் பிறக்குமெனத் தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்தார். குழவிக்கும் எளிய தொழில்கள் இவை. அது வாய் திறந்து மூடுங்கால் ஓரசையே இரட்டித்து வரும். 1959இல் அமெரிக்க மானிடவியலாளர் மர்டாக், தாய் தந்தையரைக் குறிக்கும் 1,072 சொற்களைப் பல மொழிகளிலிருந்து தொகுத்தார். அவற்றை ஆராய்ந்த மொழியியலறிஞர் ரோமன் யாக்கோப்சன், மழலைக்குப் பெரியோரே பொருளேற்றுகின்றனர் எனக் காட்டினார். ஜோர்ஜிய மொழியில் 'மாமா' தந்தை. நமக்குத் தாயுடன் பிறந்தார். ஆங்கிலக் குழந்தைக்கு அன்னை!

இவற்றை இரட்டைக்கிளவியோடு மயக்கற்க. பிரித்தாற் பொருள் தராமை பொதுவேயெனினும், 'சலசல' என்பது ஒலிக்குறிப்பு, 'தாத்தா' முறைப்பெயர்.

மொழியுறவுக்குச் சான்று வேண்டுவோர், பால், புலி, பல் என்பன கன்னடத்தில் ஹாலு, ஹுலி, ஹல்லு என வருதலைக் காண்க. பகரம் ஒழுங்காக ஹகரமாகின்றது. இத்தகைய வரிசையே சான்று. தாத்தாவை மட்டும் கொண்டு உறவு நிறுவலாகாது.

மாணவர்க்கு ஒரு பயிற்சி: 'நானா' என்பது இலங்கை முஸ்லிம் இல்லங்களில் தமையன், இந்தியில் தாயின் தந்தை, தெலுங்கில் 'நான்ன' தந்தை. இம்மூன்றையும் மேற்கூறிய முறையில் ஆராய்ந்து வருக.