பக்க வாசலோரம் உட்காராதே

கூனிமேடு

அன்புள்ள கண்ணுவுக்கு, பெரியம்மா எழுதிக்கொள்வது.

உன் அம்மா போனில் சொன்னாள். மூன்று வாரமாக நீ பூசைக்குப் போகவில்லையாம். பிரசங்க நேரத்தில் பிள்ளை அழுது, நீ பால் கொடுக்க, பின் பெஞ்சுக்காரி தோளைத் தட்டி "வெளியே போய்க் கொடும்மா" என்றாளாம். "கொஞ்ச நாள் டிவியில் பூசை பார்த்துக்கோ" என்று உன் அம்மா சொல்லிவிட்டாளாம். அவள் அப்படித்தான்.

போவதும் போகாததும் உன் இஷ்டம். நான் கட்டாயப்படுத்தமாட்டேன். ஆனால் வெளியே கிளம்பும்போது மட்டும் கொடுக்கலாம் என்று உன் மாமியார் பால் டின் வாங்கி வைத்திருக்கிறாராமே? அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

உன் பெரியண்ணனுக்கும் "வெளியே போகும்போது மட்டும்" என்றுதான் ஆரம்பித்தது. நாலு பேர் இருக்கிற இடத்தில் மாராப்பை விலக்காதே என்று டின்னைக் கொண்டுவந்தவள் பெரியப்பாவின் அக்கா. பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் ஊறும். ஒரு வேளை புட்டிக்குப் போனால் அந்த வேளைப் பால் குறையும். புட்டியில் சுலபமாக வருகிறது என்று பிள்ளையும் பழகிக்கொண்டான். நாலாம் மாசம் எனக்கு வற்றிவிட்டது. மாசக் கடைசியில் டின் தீர்ந்துவிடுமே என்று ஒரு கரண்டி குறைத்துக் கலக்கினாளே, அதுவும் அவள்தான். அப்புறம் வயிற்றுப்போக்கு, ஆஸ்பத்திரி, எல்லாம் உனக்குத் தெரிந்த கதை. அவள் போய்ச் சேர்ந்து வருஷமாச்சு, எனக்கு இன்னும் ஆறவில்லை.

குழந்தைப் பால் மாவுக்கு விளம்பரமே கூடாது என்று 1992இல் சட்டம் வந்தது. விளம்பரம் எதற்கு? பின் பெஞ்சுக்காரி போதுமே.

இங்கே உப்பளத்துக்குப் போகிறவள் கொட்டகையில் தூளி கட்டுகிறாள். பிள்ளை அழுதால் வரப்பிலேயே உட்கார்ந்து கொடுத்துவிட்டுத்தான் உப்புக் கூடையைத் தூக்குகிறாள். லாரிக்காரன், கணக்குப்பிள்ளை எல்லாரும் போய்வருகிற இடம்தான், ஒருத்தனும் திரும்பிப் பார்ப்பதில்லை. பக்கத்து பாய் வீட்டு மருமகள் புதுச்சேரி பஸ்ஸில் துப்பட்டாவுக்குள் கொடுத்துக்கொண்டே போகிறாள். பட்டும் நகையுமாகக் கூடுகிற இடத்தில்தான் எல்லாருக்கும் திடீரென்று கூச்சம் வருகிறது.

கோயிலில் கூடாது என்று யார் சொன்னது? 2017 ஜனவரியில் சிஸ்டைன் சிற்றாலயத்தில் ஞானஸ்நானம் கொடுக்கும்போது, பயப்படாமல் பால் கொடுங்கள், மாதா இயேசுவுக்குக் கொடுக்கவில்லையா என்று தாய்மார்களிடம் கேட்டவர் போப் பிரான்சிஸ். (கூரை முழுக்க மைக்கேலாஞ்சலோ துணியில்லாத உருவங்களை வரைந்து வைத்திருக்கிற இடம் அது. அங்கே கெடாத பக்தி உங்கள் கோயிலில் கெட்டுவிடுமாக்கும்!) பெத்லகேமில் மாதாவின் பால் ஒரு சொட்டு விழுந்து பாறை வெளுத்தது என்று ஒரு குகையையே கும்பிடுகிறார்கள்.

2015இல் நம் பஸ் ஸ்டாண்டுகளில் பாலூட்டும் அறை திறந்தார்கள். நல்ல காரியம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நான் போன ஒரு ஊரில் பூட்டுத்தான் தொங்கியது. அறை இருக்கிறதே, அங்கே போ என்று விரட்டவும் அது ஒரு சாக்காகிவிடக் கூடாது. பொது இடத்தில் பால் கொடுப்பதைக் கேவலமாகப் பார்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே 2025 பிப்ரவரியில் சொல்லியாகிவிட்டது.

என்னையும் ஒரு உபதேசியார் ஒருமுறை வெயிலில் தாழ்வாரத்துக்கு அனுப்பினார். கோயில் பேர் வேண்டாம். அன்று நற்கருணை வாங்காமலே திரும்பினேன்.

அதனால் சொல்கிறேன், பக்க வாசலோரம் உட்காராதே. நடு பெஞ்சில் உட்கார். சுடிதார் வேண்டாம், நூல் சேலை கட்டு, முந்தானை தாராளமாகப் போதும். கிளம்பும் முன் ஒரு தடவை கொடுத்துவிடு. மறுபடி தோளைத் தட்டினால், "பூசை முடியட்டும் அக்கா, பேசுவோம்" என்று சொல்லிவிட்டுப் பீடத்தைப் பார். டின்னை என்ன செய்வது என்று நான் சொல்லமாட்டேன், நீயே முடிவு பண்ணு. ஆறு மாசம் வரைக்கும் தண்ணீர்கூட வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்னதை மட்டும் உன் மாமியார் காதில் போடு.

ரொம்பத் திட்டிவிட்டேனோ? நீ எங்கள் வீட்டுத் தங்கம்டி. பிரசவ வலியிலும் "பெரியம்மா சாப்பிட்டாங்களா" என்று கேட்டவள் நீ. உன்னைப்போல் ஒரு தாய் கிடைக்க அந்தப் பயல் கொடுத்து வைத்திருக்கிறான். உன் மாமியாரும் நல்லவர்தான், என் வணக்கத்தைச் சொல். குப்பத்தில் சொல்லிவைத்துப் பால்சுறா கருவாடு வாங்கி அனுப்புகிறேன், பூண்டு நிறையப் போட்டுக் குழம்பு வை, பால் நன்றாக ஊறும் என்பார்கள். மாப்பிள்ளைக்கு நெத்திலி தனியாக வைத்திருக்கிறேன்.

இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் எனக்குப் போன் பண்ணு.

உன் பெரியம்மா