விறகு ஸ்டவ் வேண்டாம், மகன்

அன்பு மகன் கஜனுக்கு,

குரோய்டனில் வாங்கிய வீட்டுக்கு அடுத்த மாதம் குடிபோகிறீர்கள் என்று அம்மா சொன்னா. மெத்தச் சந்தோசம். முன்னறையில் விறகு ஸ்டவ் வைக்கப்போகிறாய் என்றும் சொன்னா. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்டவ் பார்க்க வடிவுதான். ஆனால் கட்டை போடக் கதவைத் திறக்கிற ஒவ்வொரு முறையும் 2.5 மைக்ரோனுக்கும் சிறிய துகள்கள் வீட்டுக்குள் வரும். மிச்சம் புகைபோக்கியால் போய்ப் பக்கத்து வீட்டாரின் நெஞ்சில் இறங்கும். அவை நுரையீரலோடு நிற்பதில்லை; இரத்தத்தில் கலந்து இருதயத்தையும் கெடுக்கும். உன் சின்னவளுக்கோ ஏற்கெனவே இழுப்பு.

லண்டன் இதை அனுபவித்த ஊர். 1952 டிசம்பரில் நிலக்கரிப் புகை 5 நாள் ஊரை மூடி, ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது அதனால்தான். வெட்டிய மரம் திரும்ப வளர்ந்து கரியமில வாயுவை இழுத்துக்கொள்ளும் என்று ஸ்டவ் கடைக்காரர் சொல்லுவார். ஆனால் மரம் எரிவது ஒரு மாலையில். வளர்வதற்குப் பல பத்தாண்டுகள். லண்டனில் விறகு சும்மாவும் கிடைக்காது.

இருக்கிற காஸ் பொயிலர் நல்லாய் ஓடினால் இப்போதைக்கு ஓடட்டும். அது சுடுதண்ணீர்த் தாங்கி இல்லாத கொம்பி வகை என்றால் ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரை 60 பாகைக்குக் குறைத்துவிடு, காஸ் மிச்சமாகும். கார்பன் மொனொக்சைட் அலாரம் ஒன்று கட்டாயம் பூட்டு. அந்த வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

பொயிலரை மாற்றும் காலம் வரும்போது ஹீட் பம்ப்பைப் பார். வெளிக்காற்றில் உள்ள சூட்டை இழுத்து, 1 யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 3 யூனிட் சூடு தரும். அரசாங்கம் 7,500 பவுண் உதவியும் கொடுக்கிறது. பில் பாதியாகும் என்று யாரும் சொன்னால் மட்டும் நம்பாதே. இங்கே மின்சாரம் யூனிட்டுக்குக் காஸைவிட ஏறத்தாழ 4 மடங்கு விலை. பில் பெரிதாகக் குறையாது; கரியமில வாயு நிச்சயம் குறையும், வீட்டில் எரிகிற நெருப்பும் இராது.

எதை எரித்தாலும் சூடு கூரையால் போய்விட்டால் காசு வீண். பழைய வீடு அது. கூரைத் தளத்தில் சூட்டைத் தடுக்கும் கம்பளிப் படை 270 மில்லிமீற்றர் இருக்கிறதா என்று ஏறிப் பார். கதவு, ஜன்னல் இடுக்குகளை அடை. ஆனால் காற்றோட்டத் துவாரங்களை மூடாதே, ஈரம் பிடித்துப் பூஞ்சணம் வரும்.

ஸ்டவ்வுக்கு எடுத்து வைத்த காசை முதலில் கூரையில் போடு, மகன்.

அன்புடன்,
பெரியப்பா